எட்டாம் நம்பர் சல்லடை

என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொல்லும் கடிதத்தை அவரே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் கால் கழுவினார். பிளேன்டீ கேட்டார். பாதி குடித்த பிறகுதான், "ஜெயம்மா, நாளையிலருந்து என்னைய வேலைக்கு வர வேணாமாம்" என்றார். எனக்கு உச்சந்தலை எரிந்தது. இப்படி ஒரு சேதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்குத் தேத்தண்ணி எப்படித் தொண்டையில் இறங்கும்?

கடிதம் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசத்தான். எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுக் கோகிலா வாசித்துச் சொன்னாள். பெக்டரிச் சல்லடை ஒன்றை அனுமதி இல்லாமல் எடுத்திருக்கிறாராம். சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் விசாரணையாம். குற்றம் உறுதியானால் வேலையும் போகும், பதினான்கு நாளில் தோட்டம் தந்த லயத்து வீட்டையும் விட வேண்டுமாம்.

"பதினாலு நாள்ல புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்கக்கா போவீங்க?" என்றாள் கோகிலா.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "அந்தக் கார்க்காரன் என்ன சொன்னான்?" என்று இவரைக் கேட்டேன்.

"சின்னத்தொர தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு."

"டீமேக்கரு பக்கத்துலதானே நின்னாரு? அவரு?"

"அவரு கீழ பாத்துக்கிட்டு நின்னாரு" என்றார் என் வீட்டுக்காரர் செல்லையா, ஏதோ அது அந்த மனிதரின் காலில் முள் குத்திய விஷயம் போல.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கொடகவெலவுக்கு மேலே நான்கு மைல் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அந்த நான்கு மைலும் ரோடு என்று சொல்வது நாக்குக் கூசும் பேச்சு. தார் போய், சல்லி போய், மழை அரித்து, சக்கரம் பட்டால் கல் எகிறும். ரோட்டைச் செய்து தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் வாய்தான் தேய்ந்தது. அந்த ரோட்டுக்குத்தான், மேனேஜருக்கு உதவியாகப் புதிதாக வந்த சின்னத்துரை ஒரு பந்தயக் கார் கொண்டுவந்தார். சிவப்பு, இரண்டே சீட்டு, வயிறு தரையைத் தொடும் உயரம். ரேடியேட்டர் ஒன்றில்லை, இரண்டு. முகத்தின் இரண்டு கன்னத்திலும் திறந்த வாய். வாய்க்கொன்றாக உள்ளே குந்தியிருக்கும். முதல் மாசமே ஒரு கல் உள்ளே போய் இடது பக்கத்து ரேடியேட்டரைக் குத்திவிட்டது. பெக்டரி வாசலில் பச்சைத் தண்ணீர் ஒழுகி நின்றதை நானே பார்த்தேன்.

செல்லையா பெக்டரி பிட்டர், மெஷின் பழுது பார்க்கிறவர். பத்தொன்பது வருஷம். சின்னத்துரை இவரிடம் வந்து, தோளில் கை போட்டு, "செல்லையா, இதுக்கு ஒரு வல அடிச்சுத் தா, கல்லு போகாத மாதிரி" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் டீமேக்கர் ரெஜினோல்ட் நின்றார். பெக்டரி முழுக்க அவர் பொறுப்பு. "பழைய சல்லட ஒண்ணு எடுத்துக்க" என்று சொன்னதே அவர்தான். எடுக்கலாம் என்று ஒரு துண்டுத்தாளில் சிட்டு எழுதித் தரச் சொல்லி இவர் கேட்டாராம். சின்னத்துரை, "அப்புறம் தாறேன்" என்றாராம். அத்தோடு சரி. இவருக்கு அந்தத் தோளில் பட்ட கை போதும், மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பங்கும் இதில் உண்டு, மறைக்க மாட்டேன். நான் அதே பெக்டரியில் தேயிலை சலிக்கிற சல்லடைக் காம்பராவில் வேலை. எந்தச் சல்லடை நல்லது என்று இவர் கேட்டது என்னைத்தான். பன்னிரண்டாம் நம்பருக்குக் கண் ரொம்பப் பொடிசு. இலையும் தூசும் அடைத்துக் காற்று போகாமல் கார் கொதித்துவிடும். ஆறாம் நம்பரில் கல் நுழையும். எட்டாம் நம்பர் எடுங்கள் என்றேன். மூலையில் ஒன்று கிடந்தது, கிழிந்து நான் செப்புக் கம்பியால் ஒட்டுப் போட்டது. அதை நானே தூக்கிக் கொடுத்தேன். இவர் அதை இரண்டாக வெட்டி, ஓரத்துக்குப் பழைய டியூப் ரப்பர் சுற்றி, ரேடியேட்டரில் ஒட்டாமல் இரண்டு விரல் முன்னால் தள்ளி நிறுத்தினார். ஒட்டி வைத்தால் கல்லின் அடி அப்படியே உள்ளே இறங்குமாம். பக்கத்துக்கு நான்கு திருகாணி. வேலை சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். அதன் பிறகு ஒரு கல் உள்ளே போகவில்லை.

வருஷக் கடைசியில் கொழும்பிலிருந்து சாமான் சரிபார்க்க ஆள் வந்தது. சல்லடையில் ஒன்று குறைகிறது. யார் எடுத்தது என்றதும் எல்லோருக்கும் நாக்கு உள்ளே போய்விட்டது; நான்தான் என்று ஒப்புக்கொண்டது இவர் மட்டும்.

"நீங்க வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே, சின்னத்தொர கேட்டாருன்னு" என்றேன்.

"அவரு புதுசு புள்ள. இன்னும் வேல நெரந்தரம் ஆகல. நான் சொன்னா அவரு பொழப்புப் போயிரும்."

"நம்ம கூர போவுது. நீங்க அவரு பொழப்புக்கு அழுவுறீங்களா?"

குனியக் குனியக் குட்டுவார்கள் என்று என் ஆத்தா சொல்வாள். இவர் குனிந்தது போதாதென்று தலையையும் சாய்த்துக் காட்டுகிறவர். அன்றிரவு நான் சோறு போடவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டேன், அவருக்குப் போடவில்லை. தப்புத்தான், இப்போதும் அதைத் தப்பென்றே சொல்வேன்.

சனிக்கிழமை என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நான் போனேன். கோகிலாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. வலை இரண்டும் அதன் முகத்தில் இருந்தன, ஆனால் கறுப்புப் பெயின்ட் அடித்து. அழகுக்கு அடித்தாரோ அடையாளத்தை மறைக்க அடித்தாரோ, நான் அறியேன்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து மேனேஜர் பெரியதுரை, பக்கத்தில் சின்னத்துரை, ஓரத்தில் டீமேக்கர். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், நின்றபடி. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். செல்லையா மெல்லிய குரலில், "சின்னத்தொர சொல்லித்தாங்க எடுத்தேன். அவரு காருக்குத்தான் அடிச்சேன்" என்றார். அவ்வளவாவது சொன்னாரே என்று எனக்கு மூச்சு வந்தது.

பெரியதுரை சின்னத்துரையைப் பார்த்தார். அவர் இவர் முகத்தைப் பார்க்காமல் சிங்களத்தில் சொன்னார்: "மம ஏக ரத்னபுரே கடேகின் கத்தே." இரத்தினபுரியில் கடையில் வாங்கினாராம். கடையில். நான் ஒட்டுப் போட்ட சல்லடையை.

"டீமேக்கர், உனக்குத் தெரியுமா?" என்றார் பெரியதுரை.

"எனக்குத் தெரியாதுங்க தொர" என்றார் ரெஜினோல்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் முன் வரிசையில் முழந்தாள் போடுகிற மனிதர்.

அதற்கு மேல் நான் ஜன்னலில் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கால் கேட்காது. காருக்குப் போனேன், அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன், வலது பக்கத்து வலையை விரலால் தடவினேன். பெயின்டுக்குள் என் ஒட்டு தட்டுப்பட்டது. கீழ் மூலையில், ஒரு விரல் நீளம். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். சின்னத்துரை உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஏய், பெயின்ட், பெயின்ட்" என்றார்.

"பெயின்ட் போனா அடிச்சுக்கலாங்க தொர. எங்களுக்கு வீடு போகுது" என்றேன். ஊக்கை நிறுத்தவில்லை. கறுப்புக்கு அடியில் செம்பு பளிச்சென்று வந்தது.

அதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எழுந்து பெரியதுரையைக் கும்பிட்டேன். "தொரைங்க, கடையில புதுச் சல்லட விப்பாங்க. ஒட்டுப் போட்டு விப்பாங்களா? இது நான் போட்ட ஒட்டு. டீமேக்கர் ஐயாவக் கேளுங்க."

ரெஜினோல்ட் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். "ஒட்டு எல்லாம் ஒரே மாதிரித்தாங்க தொர இருக்கும். தெளிவா சொல்ல ஏலாது" என்றார்.

எனக்கு நொட்டாங்கை. சோறு வலதில் தின்னப் பழக்கினார்கள். கம்பியை மட்டும் இடதில்தான் முறுக்குவேன். மற்றவர்கள் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் என்னுடையது எதிர்ப்பக்கம் சாயும். வழக்கம் போல அவிழ்க்கப் போனால் இன்னும் இறுகும். இதற்காகப் பதினொரு வருஷமாக என்னைத் திட்டியவர் இந்த ரெஜினோல்ட். "நொட்டாங்கை ஒட்டு, பிட்டருக்குப் பாடு" என்று மற்றப் பெண்கள் முன்னால் பகிடி பண்ணியவர். அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லையாம்.

இவர் பையில் எப்போதும் ஒரு துண்டுக் கம்பி கிடக்கும். கையை விட்டு எடுத்தேன். பாதியைக் கோகிலாவிடம் கொடுத்தேன். "நீ முறுக்குடி." அவள் வலதில் முறுக்கினாள். நான் இடதில் முறுக்கினேன். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துப் பெரியதுரை முன்னால் நீட்டினேன்.

"பலமு" என்றார் அவர். பார்ப்போம் என்று சொல்லி, அந்த வயசில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காரின் முன்னால் குந்தினார். கோகிலாவின் முறுக்கை ஒட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னுடையதை வைத்தார். இரண்டாம் முறையும் அப்படியே வைத்துப் பார்த்தார். எழுந்தபோது சின்னத்துரையை மட்டும் பார்த்தார். சின்னத்துரை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க தொர, இது ஜெயம்மா கைதான்" என்றார் ரெஜினோல்ட் அப்போது.

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொன்னவன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. புதியவன், வேலைக்குப் பயந்து பொய் சொன்னான். இந்த ஆள், எல்லாம் முடிந்து பாதை வெளித்த பிறகு உண்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "இப்ப தெளிவா தெரியுதாங்க ஐயா?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பெரியதுரை தொண்டையைச் செருமினார். "ஹரி, சரி. செல்லையா, நீ திங்கக்கிழம வேலைக்கு வா. கடுதாசி கான்சல். எல்லாரும் போங்க." அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் எந்தப் பாஷையிலும் வரவில்லை. சின்னத்துரையை என்ன கேட்டார் என்பது பெரிய பங்களாவுக்குள் நடந்த விஷயம், எங்களுக்குத் தெரியாது. போகத் திரும்பியவர் காரைப் பார்த்து, "அந்த வல அதிலேயே இருக்கட்டும். கிழிஞ்ச சாமான்தானே, ரோடும் மோசம்" என்றார்.

"இல்லீங்க தொர."

யார் பேசியது என்று நான் சுற்றும் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான்.

"அது பெக்டரி சாமான்ங்க. இதுல இருக்கிற வரைக்கும் நான் திருடினதுதான்" என்றார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் காரின் முன்னால் உட்கார்ந்தார். எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றாகக் கழற்றி, தொலையாமல் தன் துண்டில் வைத்தார். அவசரப்படவில்லை. யாரும் தடுக்கவில்லை. காரின் இரண்டு கன்னமும் மறுபடி திறந்தன; உள்ளே ரேடியேட்டர்கள் நல்ல உடம்போடு, ஒரு புதுக் கீறல் இல்லாமல் இருந்தன. அது இவர் வேலை. அதைச் சின்னத்துரையும் பார்க்கட்டும் என்று நான் நகராமல் நின்றேன்.

செல்லையா இரண்டு துண்டு வலையையும் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போய் டீமேக்கரிடம் நீட்டினார்.

"ஒப்படைச்சிட்டேங்க ஐயா. ஒரு சிட்டு எழுதிக் குடுங்க."

"திங்கக்கிழம பாப்போம் செல்லையா" என்றார் ரெஜினோல்ட்.

"இல்லீங்க. இப்ப."

ரெஜினோல்ட் பெரியதுரையைப் பார்த்தார். பெரியதுரை அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். அதில் தாள் இருந்தது, பேனா இருந்தது, வைத்து எழுத இடம் இல்லை. கடைசியில் அந்தச் சிவப்புக் காரின் மேலேயே தாளை வைத்து எழுதினார். எட்டாம் நம்பர் சல்லடை, இரண்டு துண்டு, பெற்றுக்கொண்டேன். கோகிலா தோளுக்கு மேலால் எட்டி வாசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். தேதியும் கையெழுத்தும் போடும்வரை இவர் கையை நீட்டியபடியே நின்றார்.

சின்னத்துரை காரை எடுத்துக்கொண்டு கீழே போனார். முதல் வளைவில் சக்கரத்துக்கு அடியிலிருந்து கல் எகிறி எதிலோ மோதும் சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

இவர் சிட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். "குடுங்க இங்க" என்று பிடுங்கி என் சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். நல்ல மனுஷன்தான். ஆனால் யாராவது தோளில் கை போட்டால் அந்தச் சிட்டையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.