உடைந்த ஓட்டுக்கு நேர் கீழே

கட்டில் வாசற்படியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கட்டிலின் மேல் கோதண்டபாணியின் தகப்பனார் வெங்கடாசலம் வாயைத் திறந்தபடி, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எல்லோரையும் காக்கவைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"கால்பக்கத்த மொதல்ல வுடலாமா மச்சான்?" என்றான், மறுமுனையைப் பிடித்திருந்த தங்கை புருஷன் சீனுவாசன்.

"கால் முன்னால போனா அதுக்குப் பேரு வேற, மாப்ள. இன்னும் அங்க வரல."

"வர்றதுக்கு முந்திதானே உள்ள கொண்டாந்து சேக்கணும்? ஜல்தியா திருப்புங்க."

உள்ளேயிருந்து குடித்தனக்காரி சவுரியம்மாளின் குரல் வந்தது. "கொஞ்சம் சாய்ச்சிக் கொண்டாங்க. நாங்க குடி வந்தன்னிக்கி எங்க பொட்டிகூட இப்பிடித்தான் நின்னுச்சி."

சாய்த்தார்கள். தகப்பனார் உருண்டுவிடாமல் கோதண்டபாணி தன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். அந்த வாசலை அவ்வளவு குறுகலாக வைத்தவர் வேறு யாருமில்லை, அவன் நெஞ்சில் சாய்ந்திருந்தவர்தான். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக் குடித்தனத்துக்கு விட்டபோது, "குடியிருக்க வர்றவன் ஆனை கட்டவா போறான்?" என்று கொத்தனாரிடம் கேட்டவர்.

காலையில் வந்த சக்கரபாணி நோயாளியின் நாடியைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அவர் தொழில் அது.

"அவிட்டம்," என்றார். "இன்னிக்கித் தாண்டினாலும் லாபமில்ல. ரேவதி முடியிற வரைக்கும் உசிரு எப்ப போனாலும் அடைப்புதான். ஆறு மாசம் வூட்டைப் பூட்டிப் போட்டுட்டு எல்லாரும் வெளிய போயிடணும்."

போவது எங்கே? ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கியிருந்த சித்திரை மாதம் அது. மாட்டுக்கொட்டகைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து வாடகைக்கு விட்டுவிட்டார்கள். மாடுகள் ஏரிக்கரையில் நின்றன. இந்த லட்சணத்தில் தங்கை பூமாலை தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாகப் படுத்திருந்தாள்.

சக்கரபாணி ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சிவிட்டு நடுச்சுவரைப் பார்த்தார். "அந்தாண்ட இருக்கிறவங்க வேதக்காரங்கதானே? வாசப்படி வேற, அடுப்பு வேற. அவங்களுக்கு ஏது அவிட்டம்?"

சாகப்போகிற மனிதரைக் கிறிஸ்தவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் நட்சத்திரம் ஏமாந்துபோகும் என்பது ஏற்பாடு. கேட்கக் கேட்கக் கோதண்டபாணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் போய்க் கேட்க வேண்டியவன் தான்தான் என்று தெரிந்ததும் அது நின்றுவிட்டது.

போன வாரமும் அவன்தான் அந்த வாசலுக்குப் போயிருந்தான். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்று தகப்பனார், அவன் வாயில் நைனா, சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று வருஷமாக இல்லாத நாற்றம், பட்டணத்து வக்கீல் ஒருவர் வீடு கேட்டு வந்த மறுநாள் வந்துவிட்டது. முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்து அடுத்தவர் சட்டிபானைகளைத் தெருவில் எடுத்து வைத்துப் பழகியவன் என்பதால் நைனா அவனை அனுப்பினார். உத்தியோகம் உள்ளூரில் இருந்தால் இப்படியெல்லாம் சௌகரியம் உண்டு.

இன்று அவன் போனபோது சவுரியம்மாள் குண்டான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இருதயராஜ் ஸ்டேஷனில் சாமான் இறக்குகிறவன். வந்து இறங்குகிற பட்டணத்துக் கூட்டத்தில் இரண்டு நாளாக வீட்டுக்கே வரவில்லை.

"வூடு பாக்கச் சொல்ல வந்தீங்களா? பாத்துக்கினுதான் இருக்கோம். கிடங்கல் வரைக்கும் போயிப் பாத்துட்டேன். எங்கியும் இல்ல."

அவன் விஷயத்தைச் சொன்னான். அமீனா குரலில் சொல்ல வரவில்லை. அவள் சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"காலி பண்ணச் சொன்ன வூட்டுலதான் வந்து கேக்கறீங்க."

"ஆமாம்மா."

"சாவறதுக்குன்னு ஒருத்தரை எங்க வூட்டுல கொண்டாந்து போட முடியாதுங்க." அவன் திரும்பி நடக்கப் பார்த்தான். "நோயாளின்னு கொண்டாங்க," என்றாள் அவள். "கஞ்சி காச்சி வெக்கறேன். பொழச்சிக்கினாருன்னா கூட்டிக்கினு போங்க. அதுக்கு மேல ஆண்டவரு பாத்துக்குவாரு."

கட்டிலைப் போட இடம் தேடினார்கள். மூலைகளிலெல்லாம் கட்டிய சாக்குகள். நடுவில் மட்டும் ஒரு முறத்தில் நெத்திலிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கருவாடு காயப்போடக் கூடாது என்பது நைனாவின் சட்டம். அதனால் கூரையில் ஓடு உடைந்து வெயில் விழுகிற ஒரே இடத்தில் அவள் முறத்தை வைத்திருந்தாள். இப்போது அதை எடுத்துக்கொண்டு, "இங்க போடுங்க," என்றாள்.

வெயில் வட்டமாக நைனாவின் நெஞ்சின் மேல் விழுந்தது.

காத்திருப்பது தொடங்கியது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கோதண்டபாணியால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. மூச்சு இழுத்தால் பயமாக இருந்தது. நின்று மறுபடி வந்தால் அதைவிடப் பயமாக இருந்தது. சீனுவாசன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். நிறைமாதக்காரி பார்க்கக் கூடாதென்று பூமாலையைச் சுவருக்கு அந்தப் பக்கமே விட்டு வந்திருந்தார்கள். அவள் சுவரைத் தட்டினாள்.

"அண்ணே, எப்பிடி இருக்காரு?"

"அப்பிடியேதான் இருக்காரு. நீ படு."

சற்று நேரத்தில் மறுபடியும் தட்டினாள். அதே கேள்வி, அதே பதில்.

சவுரியம்மாள் கஞ்சியை ஆற்றி, துணியில் நனைத்து நைனாவின் உதட்டில் வைத்தாள். நாக்கு அசைந்தது. கண்கள் திறந்தன. திறந்து நேராக மேலே பார்த்தன. வெகுநேரம் பார்த்தன. உயிர் போகிற இடம் தெரிந்துவிட்டதோ என்று கோதண்டபாணி குனிந்தான்.

"ஓடு," என்றார் நைனா.

"என்னா நைனா?"

"ஓடு ஒடஞ்சிருக்குதே."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மழைக்கு ஒழுகாதா?"

"ஒழுகுதுங்க," என்றாள் சவுரியம்மாள், இன்னொரு வாய் கஞ்சியை நனைத்துக்கொண்டே. "ஐப்பசியில ரெண்டு குண்டான் வெச்சோம். பத்தலங்க."

"சொல்றதுதானேம்மா."

அவள் அவர் மோவாயைத் துடைத்தாள். நைனாவின் கண் மகனிடம் திரும்பியது. "ஏண்டா, நீ சொல்லல?"

அவன் சொல்லியிருந்தான். போன ஐப்பசியிலும் சொன்னான், அதற்கு முந்திய ஐப்பசியிலும் சொன்னான். "வேதக்காரங்களுக்கு மட்டும் மழை தனியாவா பேயுது?" என்று நைனா சிரித்ததும், அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொண்டதும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மறந்துட்டேன் நைனா," என்றான்.

சவுரியம்மாள் அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"கோர்ட்டு உத்தியோகம்," என்று நைனா முனகினார். "அந்த ஓட்ட மாத்துடா."

"மாத்திடலாம் மாமா," என்றான் சீனுவாசன் அவசரமாக. "வக்கீலு குடி வர்றதுக்கு முந்தி மாத்திடறோம்."

நைனா நெற்றியைச் சுருக்கினார். "எந்த வக்கீலு?"

மறந்துதான் கேட்டாரா, மறந்ததுபோல் கேட்டாரா என்பது அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் மறுபடி மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூச்சு தொண்டைக்கு ஏறியது. கோதண்டபாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை அவனை அடித்திருக்கிறது, கை நீட்டி வேலை ஏவியிருக்கிறது. பிடித்துக்கொண்டதாக ஞாபகமில்லை.

வெயில் வட்டம் நெஞ்சிலிருந்து இறங்கி, கட்டில் சட்டத்தைத் தாண்டி, தரைக்கு வந்தது. மூச்சு நின்றதை முதலில் கவனித்தவள் சவுரியம்மாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டு, குரல் எழும்பாமல் ஏதோ சொல்லி, நைனாவின் இமைகளை மூடினாள்.

சீனுவாசன் நெடுமூச்சு விட்டான். விட்ட பிறகுதான் அது நிம்மதி மாதிரி கேட்டுவிட்டது அவனுக்கே உறைத்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

சுவர் தட்டப்பட்டது. "அண்ணே, எப்பிடி இருக்காரு?"

கோதண்டபாணி வாயைத் திறந்தான். பழகிய பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மறுபடியும் தட்டினாள். அவன் எழுந்து போய்ச் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கம் தட்டுவது நின்றது. பிறகு அவள் அழுகை மட்டும் செங்கல்லைத் தாண்டி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வீட்டைப் பூட்டவில்லை. சக்கரபாணி கேட்டவர்களுக்கெல்லாம் வாசப்படி வேறு, அடுப்பு வேறு என்று விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் மாசக் கடைசியும் வந்து போயிருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில், மழித்த தலையோடு, கையில் ஒரு புது ஓட்டோடு கோதண்டபாணி கூரைமேல் ஏறினான். சறுக்கிச் சறுக்கி, தவழ்ந்து போய் உடைந்த ஓட்டை எடுத்தான். துவாரம் பெரிதாயிற்று. குனிந்து பார்த்தான்.

சாக்குகள் இல்லை. குண்டான்கள் பலகையில் ஏறியிருந்தன. நேர் கீழே, கட்டில் கிடந்த இடத்தில், வெயில் விழும் வட்டத்துக்குள் முறம் இருந்தது. முறத்தில் நெத்திலி.

சவுரியம்மாளின் முகம் அண்ணாந்து பார்த்தது. "மண்ணு கொட்டுமுங்களா? மொறத்த எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்மா," என்றான். "காஞ்சிடட்டும்."

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கோதண்டபாணி புது ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு கூரைமேலேயே உட்கார்ந்திருந்தான்.