ரெட்டைப் பாறை இடுக்கில்

சத்தியவேடு ரோட்டில் ரெட்டைப் பாறை என்றால் பஸ் ஸ்டாப்புக்கே அதுதான் பெயர். மாடி வீட்டு உயரத்துக்குச் சிவந்த மணற்பாறை, நடுவில் பிளந்து நிற்கும். அந்த இடுக்கில் நுழைந்து மறுபக்கம் வரலாம். தண்டையார்பேட்டையிலிருந்து நவ்ரீனும், புருஷன் மொஹ்சினும், மாமியார் ரஹீமுன்னிசாவும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்தார்கள்.

அதே ரோட்டில் ஒரு கம்பெனியில் நவ்ரீனுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும். "அம்மா இன்னா சொல்லுதோ அதான்" என்று மொஹ்சின் ஒதுங்கிக்கொண்டான். மாமியோ ஒரு வாரமாகக் காதில் விழாத மாதிரியே இருந்தாள்.

மொஹ்சின் முதலில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டான். பெண்கள் இருவரும் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பாதி வழியில் முன்னால் போன மாமி நின்றுவிட்டாள்.

"நவ்ரீனு, நவுர முடியலடி."

"இப்டியே பின்னால வாங்க மாமி."

"அதுவும் முடியல."

மாமியின் கை பின்னால் நீண்டு நவ்ரீனின் மணிக்கட்டைப் பிடித்தது. முகத்துக்கு நேரே பாறை. மூச்சு விட்டால் மணல் உதிர்ந்தது. நாலு எட்டு பின்னால் வைத்தால் நவ்ரீன் வெளியே போய்விடலாம். கையை இழுத்துப் பார்த்தாள். பிடி இறுகியது.

"கைய வுடுங்க மாமி. ஆளக் கூட்டினு வரேன்."

"மாட்டேன். போனா நீ வரமாட்டே." மாமி அழுதாள். "வேலைக்குப் போணும்னியே, போ. அவன்கிட்ட நானே சொல்றேன். அல்லா மேல ஆணை. இப்ப மட்டும் என்ன வுட்டுட்டுப் போவாத."

 நவ்ரீன் மறு கையால் துழாவினாள். மாமியின் இடுப்புக்கும் பாறைக்கும் நடுவில் தோள்பை, அதற்குள் டிபன் டப்பா. "மூச்ச நல்லா வெளிய வுடுங்க" என்று சொல்லி, வாரைப் பிடித்து இழுத்தாள். பை அறுந்து வந்தது. மாமி நகர்ந்தாள்.

வெளியே மொஹ்சின் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். மாமி குடித்து முடிக்கும் வரை நவ்ரீன் காத்திருந்தாள்.

"சொல்லுங்க மாமி."

"இன்னாத்த?"

"வேலைய பத்தி."

"உசுரு போய் வந்துகீது. இப்பத்தான் வேலையாம்!"

மொஹ்சின் செருப்பிலிருந்த மணலைத் தட்டினான்.

திங்கட்கிழமை விடியும்போதே மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். நவ்ரீன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கம்பெனி வண்டி கிளம்பும் நேரம் தாண்டியது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"நாளைக்குக் கண்டிப்பா வரேன் மேடம்."

மாமி கண்ணைத் திறந்தாள். "யாருடி?"

"கம்பெனி" என்றாள் நவ்ரீன். ஒத்தடத் துணியைப் பிழிந்து மாமியின் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தாள்.