வைஃபை பிடிக்காத லேப்டாப்

தேவிஸ்ரீ கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சின்னதாக ஒரு லேப்டாப். தோளில் மாட்டினால் தோள் இறங்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் கூடைக்குள் அடங்க வேண்டும், லினக்ஸ் இயங்குதளம் போட்டால் முரண்டு பிடிக்காமல் ஓட வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷி வாராவாரம் தன் ஊர் மெர்லிமாவிலிருந்து மலாக்கா டவுனுக்கு மோட்டாரில் அலைவாளா என்று கேட்டால், அலைந்தாள். ஏன் என்று சொல்கிறேன்.

கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது அவள் வேலை. மலாக்காவில் இருந்த கிளை ஆபீசை இழுத்து மூடிவிட்டு, இனி எல்லாரும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொன்னபோது கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்களுக்கு வீட்டில் ஆள் இருந்தது. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் அமையவில்லை, ஒரே தம்பி குடும்பத்தோடு ஜொகூரில் இருக்கிறான். பழைய லேப்டாப்போ எருமைக் கனம். பேட்டரி செத்துப்போய், சுவரில் சொருகினால்தான் உயிர் வரும். சாப்பாட்டு மேசை, சுவர், அவள், இதுதான் ஆபீஸ். மீட்டிங்கில் யாரும் முகம் காட்டுவதில்லை. பேசி முடித்ததும் ஒவ்வொரு பெயராக அணைந்துவிடும். சில நாள் சாயங்காலம் தொண்டையைக் கனைத்தால் அந்தச் சத்தமே அவளுக்குப் புதிதாக இருக்கும். இப்படியே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான், சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டு நாலு பேர் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்போம் என்று கிளம்பினாள்.

டவுனில் ருக்கையாவின் கடை. ஆபீசுகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளை வாங்கி, துடைத்து, விற்கிறவள். ஐம்பது வயது, தலையில் முக்காடு, வாயில் ஓயாத பேச்சு.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்கிறவர் சொல்வதை நம்பவே மாட்டார்கள். லினக்ஸை ஏற்றிய பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சொருகி, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடினால் தூங்குகிறதா, திறந்தால் எழுகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் பர்சைத் திறப்பார்கள். மற்ற கடைகளில் தேவிஸ்ரீ பென்டிரைவை எடுத்ததுமே முகத்தைச் சுளித்தார்கள். ருக்கையா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாம்மா, உக்காரு. பசியாறிட்டியா?"

காலையில் ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற பதிலையே அவளும் சொன்னாள்.

"ஆச்சுக்கா."

சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். பசியாறினாயா என்று அவளிடம் ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்று! கண் கலங்கிவிட்டது. ஒரு லேப்டாப் கடையில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும்? திரையைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தாள்.

அன்று விசைப்பலகை சரியில்லை என்று எழுந்து வந்தாள். அடுத்த சனிக்கிழமை போனாள், திரை மங்கல் என்றாள். அதற்கடுத்த வாரம் மூடி லொடலொட என்கிறது என்றாள். ஒவ்வொரு தடவையும் ஸ்டூல், பாலில்லாத டீயான தே ஓ, ஊர்க்கதை. ருக்கையாவின் மகள் வேலைக்குப் போன கதை, தஞ்சோங் கிளிங்கில் மீன் விற்கிற விலை, பக்கத்துக் கடைக்காரன் குப்பையை இவள் வாசலில் தள்ளுவது, எல்லாம் தேவிஸ்ரீக்கு மனப்பாடம்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நொட்டை சொல்ல மாட்டாங்க லா," என்று ருக்கையா சிரித்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கறுப்பு லேப்டாப் வந்து சேர்ந்தது. சனியன், அதில் ஒரு குறை இல்லை! சின்னது, இலேசானது. வைஃபை உடனே பிடித்தது. பாட்டு கேட்டது. மூடினாள், தூங்கியது. திறந்தாள், எழுந்தது. அவள் தேடி வந்தது அதேதான். இதை வாங்கினால் கதை முடிந்தது. இனி எந்த முகத்தோடு இங்கே வந்து உட்காருவது?

பக்கத்தில் வெள்ளி நிறத்தில் இன்னொன்று. அதில் எல்லாம் சரி, வைஃபை மட்டும் பிடிக்கவில்லை.

"இத எடுத்துக்கிறேன்க்கா," என்று வெள்ளியைத் தொட்டாள்.

"அலாமாக்! இது புடிக்கலன்னு இப்பத்தானே சொன்ன? கறுப்புக்கு என்ன கொள்ளை?"

"இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு."

ருக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, உன் இஷ்டம். சரிப்படலன்னா கொண்டு வா, பாப்போம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வாங்கினாள்.

அந்த மாதிரி வைஃபைக்கு இணையத்திலிருந்து ஒரு சின்ன மென்பொருளை இறக்கிப் போட வேண்டும், அவ்வளவே. தே ஓ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். முடிக்கவில்லை. இணையக் கம்பியைச் சொருகி, அதே மேசையில், அதே சுவரைப் பார்த்துக்கொண்டு வாரம் முழுக்க வேலை செய்தாள். நாலு பேரோடு இருக்க வாங்கிய லேப்டாப், பழைய எருமையைப் போலவே கட்டிக் கிடந்தது. கூத்தைப் பாருங்கள். இருந்தாலும் அவள் மனசு சனிக்கிழமையை எண்ணிக் குதித்தது.

"வாம்மா! பசியாறிட்டியா?" என்ற ருக்கையா பதிலுக்குக்கூட நிற்கவில்லை. கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "உன் வைஃபைக்கு மருந்து கிடைச்சிருச்சு! ஒன்ன நெனச்சு நெனச்சு மனசு கேக்கல, நானே தேடினேன். எனக்கு ஒரு எழவும் புரியல, ஆனா எல்லாரும் இதையே போடச் சொல்றாங்க. பாரு."

தேவிஸ்ரீ பார்த்தாள். லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு தளம். யாரோ கேட்ட கேள்விக்கு வரிவரியாகப் பதில். அடியில் எழுதியவர் பெயர்: தேவிஸ்ரீ, மெர்லிமாவ். எப்போதோ எழுதியது. எழுதியதையே மறந்திருந்தாள்.

ருக்கையாவும் அப்போதுதான் அந்தப் பெயரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மெர்லிமாவுல எத்தன தேவிஸ்ரீ லினக்ஸ் வச்சிருக்காங்க?"

தேவிஸ்ரீ லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒனக்குத் தெரியும்தானே? பின்ன ஏன்மா?"

"தெரியும்க்கா," என்றாள். வெட்கத்தில் காது சுட்டது. இப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து கடைக்குள் ஒருவர் நுழைந்தார். ருக்கையா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு," என்றார் அவர், அலமாரியைப் பார்த்தபடியே.

அதே ராகம். அதே சிரிப்பு. எல்லாருக்கும் கேட்கிற கேள்விதான் அது. தேவிஸ்ரீக்கு நெஞ்சுக்குள் எதுவோ பொதுக்கென்று இறங்கியது. இதற்காகவா இத்தனை சனிக்கிழமை! லேப்டாப்பைத் திறந்தாள். இணையம் வரத் தன் கைப்பேசியைக் கம்பியால் அதில் இணைத்து, தான் எழுதிய வரிகளைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரை மூலையில் வைஃபைக் குறி எழுந்து நின்றது. இனி ஒரு குறையும் இல்லை. பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். கனமே இல்லை.

ருக்கையா வந்தவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். தேவிஸ்ரீ வாசல்வரை போய்விட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. மோட்டார் சாவி கையில் இருந்தது. வீட்டையும் மேசையையும் சுவரையும் நினைத்தாள். கால் நகரவில்லை.

"அக்கா."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நான் இன்னும் பசியாறல."

அந்தக் கேள்விக்கு அப்படி யாரும் பதில் சொல்வதில்லை. அந்த ஆள் என்னவோ மாதிரி பார்த்தார்.

ருக்கையா கையிலிருந்த லேப்டாப்பைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஸ்டூலை மறுபடியும் இழுத்துப் போட்டாள்.