குறைத்துச் சொன்ன சந்து

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியவில்லை என்பது ஸ்பானர் பெரியவரின் தீராத குறை. கேட்டவனுக்கெல்லாம் விலாசம், கேட்காதவனுக்கும் போன் நம்பர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் குடலை உருவிக் காட்டாத குறைதான். அவர் கொள்கை வேறு. சர்க்கார் காகிதத்தோடு ஒருத்தன் வந்து எது உண்டா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல். இல்லையென்று சொல்ல முடியாவிட்டால் பாதியைச் சொல்.

நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட மனிதர்தான். ஆனாலும் அந்தச் சந்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பதினோரு வண்டிப் பட்டறைகள் இருந்தன. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், சீட் உறை தைக்கிற ஒருவர், பஞ்சர் ஒட்டுகிற ஒருவர். நட்ட நடுவில் ஒரு கிணறு. முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெகுளி, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்டவர்களிடம் ‘நிறைய’ என்று சொல்லிவிட்டான். மறுமாதமே தண்ணீருக்கு வரி வந்தது. அன்றைக்குச் சூடு பட்ட சந்து, அதற்கப்புறம் யாரிடமும் நிறையச் சொன்னதில்லை.

அந்தப் பகுதியையே இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இடிப்பதற்கு முன்னால் மண், தண்ணீர், சத்தம், ஆட்களின் பிழைப்பு, பழக்கவழக்கம் எல்லாம் எவ்வளவு பாதிக்கும் என்று பார்த்து எழுத ஓர் அம்மாவை அனுப்பினார்கள். வருகிற தேதியையும் முன்கூட்டியே ஒட்டிவிட்டார்கள். சந்துக்கு அது போதாதா?

அன்று அவள் வண்டி முனை திரும்பியதும் சுத்தியல்கள் ஒன்றாக நின்றன. சத்தம் அளக்க அவள் நீட்டிய கருவியில் காக்கா கத்தியது மட்டும் பதிவானது. வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். நாலு பேர் என்றார் பெரியவர். மிச்சம் நாற்பத்தெட்டுப் பேரும் பின்வாசல் வழியாக நடையைக் கட்டியிருந்தார்கள். கிணற்றை அவள் எட்டிப் பார்க்க வந்தபோது தகரம் போட்டு மூடி, மேலே நாலு பழைய டயரை ஏற்றியிருந்தது. வற்றிப் பல வருஷம் ஆச்சு என்றார். எல்லாரும் சேர்ந்து உட்காருகிற இடம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இங்கே யாரும் யாரோடும் பேசுவதே இல்லையென்று சீட் உறைக்காரர் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார். சாயங்காலம் கிணற்றைச் சுற்றி டிரம்களைக் கவிழ்த்துப் போட்டு நாற்பது பேர் உட்கார்ந்து, அந்தச் சோக முகத்தை அவரையே மறுபடி செய்து காட்டச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. பெரியவரின் மருமகள்தான் படித்துச் சொன்னாள். மகன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, பெயின்ட் பட்டறையை நடத்துகிறவள் அவள். நிலத்தடி நீர் இல்லை, தொழில் பெயரளவுக்குத்தான், பொதுவாகக் கூடும் இடம் கிடையாது, ஆகவே இடிப்பதால் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. முதல் வரைபடத்தில் கீழ்த்தளத்தில் பட்டறைகளுக்கென்று பதினோரு அறை காட்டியிருந்தார்கள். ஆள் இல்லாத தொழிலுக்கு அறை எதற்கு? அதை அடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள்.

பெரியவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நாம சொன்னதைத்தான் மாமா எழுதியிருக்காங்க. ஒரு எழுத்துகூட மாத்தல.”

அதுதான் அவருக்கு ஆகவில்லை. ஆயுசு முழுக்கச் சொன்னதை மாற்றி எழுதுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்கும் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கிற மைக். அதில் பெரியவர் எழுந்து நின்று, நாங்க சொன்னதெல்லாம் பொய் என்றார். மேடையில் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார்.

“சரி பெரியவரே. அன்னைக்குப் பொய் சொன்னவர், இன்னைக்கு நிஜம் சொல்றீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“நம்பாதீங்க. சொல்லாம கொள்ளாம வந்து பாருங்க.”

அடுத்த வாரம் ஒரு நாள் பதினோரு மணிக்கு அந்த அம்மா தேதி சொல்லாமல் வந்தாள். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ரெண்டு சுத்தியல் நின்றன. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார், மறுபடி கிளம்பின. அவள் கேள்வியைக் காதில் வந்து கத்த வேண்டியிருந்தது, பிறகு தாளில் எழுதிக் காட்டினாள். டயரை உருட்டி, தகரத்தைத் தூக்கி, கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கினார்கள். பதினாலாவது அடியில் தண்ணீர். ஐம்பத்திரண்டு பேரையும் பட்டறை பட்டறையாக அவளே எண்ணினாள். சீட் உறைக்காரர் நடுவில் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் ஒரு தாளை நீட்டி, சந்து சார்பாகக் கையெழுத்துக் கேட்டாள். பெரியவர் அதை வாங்கி, தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார்.

“எத்தனை பேர்னு போட்டிருக்கீங்க?”

“ஐம்பத்திரண்டு.”

ஒரு நாற்பது போட்டால் போதாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. மருமகள் பக்கத்தில் நின்றாள். கையெல்லாம் பச்சைப் பெயின்ட். அறை கிடைக்காவிட்டால் அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. விழுங்கிக்கொண்டார்.

“இதைப் போட்டா ரூம் கிடைச்சிடுமா?”

“நான் பார்த்ததை எழுதுவேங்க, ஐயா. முடிவு பண்றது மேல இருக்கிறவங்க.”

“அப்போ பொய் சொன்னாலும் ஒண்ணுதான், நிஜம் சொன்னாலும் ஒண்ணுதான்.”

“பொய் சொன்னா கிடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு மாமா,” என்றாள் மருமகள். “போடுங்க.”

போட்டார். ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததைச் சந்தேகத்தோடு பார்ப்பது போல இருந்தது. அந்த அம்மா நன்றி சொல்ல வாயெடுக்கும்போதே அவர் பேனாவை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, மேல இருக்கிறவன் யாரு, அவன் வந்து கிணத்தை எட்டிப் பார்த்தானா என்று யாரையும் பார்க்காமல் கேட்டபடி சந்து முனைக்கு நடந்தார். சுத்தியல் சத்தத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல அவரும் நிற்கவில்லை.