துணி மூடிய கேமரா

யூஃபேமியா அத்தை கையில் வெள்ளைத் துணியோடு நேராகக் கேமராவை நோக்கி வந்தாள்.

"வேணாம் அத்தை," என்றாள் நெரெய்தா. அவள் நின்றது மத்ரீத் நகரத்தில், வேலை பார்க்கும் வீட்டின் சமையலறையில். போனில் பேசும் பொத்தானை அழுத்தாமல் சொன்னதால் அந்தச் சொல் கடலைத் தாண்டவில்லை. திரை வெளுத்துப்போனது.

அவள் பிறந்த ஊரான மோக்காவில் சாவு வீடென்றால் கண்ணாடிகளை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற ஆவி தன் முகத்தைப் பார்த்து மயங்கி அங்கேயே தங்கிவிடும். மூடுவதில் அத்தை மகா கெட்டிக்காரி. அலமாரிக் கண்ணாடி, சவரக் கண்ணாடி, டிவி எல்லாம் முடிந்திருந்தன. சற்று அசந்திருந்தால் பாதிரியாரின் மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு துணி விழுந்திருக்கும்.

துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இதுவும் கண்ணாடிதானே. எங்கண்ணன் தினம் இதப் பாத்துத்தான் தலை சீவுவான்."

அது பொய்யில்லை. நெரெய்தா பணம் அனுப்பி, அப்பா தனியாக இருக்கிறாரே என்று மாட்டவைத்த கேமரா. பாஸ்வேர்டு அப்பாவின் சண்டைச் சேவலின் பெயர். காலையில் அவர் அதன் முன்னால் வந்து நின்று, எண்ணெய் தொட்டு, சேவல் கொண்டையைவிடக் கம்பீரமாகத் தலை சீவுவார். பிறகுதான் மகளுக்கு வணக்கம்.

அவளுக்குக் குடியிருப்புத் தாள்கள் இன்னும் வரவில்லை. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. சவப்பெட்டியை மூடுவதற்குள் அப்பா முகத்தைப் பார்க்க இருந்த ஒரே வழி அந்தக் கேமரா. இதுவரை கூட்டம்தான் மறைத்தது, இப்போது துணி.

அத்தைக்குப் போன் செய்தாள். அணைந்திருந்தது. போன சாவில் ஜெபத்தின் நடுவே யாருடைய போனோ குத்தாட்டப் பாட்டு பாடிவிட்டதாம். அதிலிருந்து போன்களெல்லாம் அணைக்கப்பட்டு அரிசிப் பானைக்குள் போய்விடும்.

"மூடியப் போட்றலாமா?" பெட்டிக்காரரின் குரல்.

நெரெய்தா பொத்தானை அழுத்தினாள். "துணிய எடுங்க."

மலிவான ஸ்பீக்கர். குரல் கரகரத்து, அச்சு அசல் அப்பாவின் குரலாகவே கூடத்தில் இறங்கியது. ஊர் முழுக்க ஒரே கதவு வழியாக வெளியேறியது. பருத்த பெண்மணி ஒருத்தி ஜன்னல் வழியாகப் போனாள். ஜன்னலும் அவளோடு போனது என்பார்கள்.

நகராமல் இருந்தவர், மூலையில் டோமினோ கட்டை ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் கூட்டாளி பியோ ஒருவர்தான். அவர் அப்பாவுக்கே பதில் சொன்னார்.

"லெயோன்சியோ மச்சான், கொஞ்சம் பொறு. ஆயுசுல இன்னிக்குத்தான் எனக்கு நல்ல கட்டை விழுந்திருக்கு."

"பியோ மாமா, நான் நெரெய்தா."

கட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ எப்பம்மா செத்த?"

"சாகல மாமா. கேமராவுல பேசறேன். அப்பாவப் பாக்கணும்."

துணி விலகியது. திரை முழுக்க பியோவின் மூக்கு. பிறகு ஒயர் நீளுமட்டும் கேமராவை இழுத்துவந்து பெட்டிக்கு மேலே பிடித்தார்.

நெரெய்தா பார்த்தாள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. அதைக் கவனிக்கவில்லை.

"அத்தை எங்க?"

"வேலிக்கு அந்தாண்ட நிக்கறா. யூஃபேமியா, வாடி. பேய் இல்ல, உன் மருமகதான்."

அத்தை ஜெபமாலையை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள். அவள் பின்னாலேயே பெட்டிக்காரரும் வந்தார்.

"அத்தை, அப்பாவுக்கு வகிடு இடது பக்கம். நீங்க வலதுல எடுத்திருக்கீங்க."

"நாப்பது வீட்டு ஜனத்த மிரட்டி ஓட்டிட்டு, இப்ப வகிடு சொல்ல வந்துட்டா. கூடப் பொறந்தவ எனக்குத் தெரியாதா?"

"தினம் பாத்தவ நான், அத்தை."

அத்தை இடுப்பிலிருந்த சீப்பை எடுத்து, அண்ணனின் தலையைக் கலைத்து, இடது பக்கம் வகிடெடுத்தாள். மெதுவாக. பெட்டிக்காரர் மூடியோடு காத்து நின்றார்.

பியோ கேமராவைப் பழைய இடத்தில் வைத்தார். அத்தை கீழே கிடந்த துணியைக் கையிலெடுத்தாள். நெரெய்தாவின் விரல் பேசும் பொத்தானுக்குப் போனது.

துணியின் நுனியால் கேமராவைத் துடைத்தாள் அத்தை. அதன் எதிரே நின்று, சீப்பால் தன் தலையையும் ஒருமுறை சீவிக்கொண்டாள்.