எதிரணிக்குப் பச்சைத் தண்ணீர்

“டேய் அண்ணா, வாயத் திறக்காத. நீ பண்ணின வேலைக்கு நான் எதுக்குடா மன்னிப்பு கேக்கணும்?”

“கூடப் பொறந்தவனையே போட்டுக் குடுத்துட்ட. நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?”

மைதானத்துக்குத் தரம் பார்க்க ஆள் வந்துபோன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே பாட்டுதான்.

எங்கள் கால்பந்து அணி முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. ஆனால் அங்கே ஆட, மைதானத்துக்கு இரண்டாம் தரமாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் ஆட்டங்களை எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பரம எதிரியின் மைதானத்தில் ஆட வேண்டும். அவன் வாசலில் போய் நாங்கள் நிற்பதா?

வந்த ஆய்வாளரம்மா லேசுப்பட்டவர் இல்லை. விளக்கு வெளிச்சத்தை மூலைமூலையாக மீட்டர் வைத்து அளந்தார். நாற்காலிகளில் சாய்ந்து பார்த்தார். நடுவர் அறை, ஆம்புலன்ஸ் வாசல் எல்லாம் தேறியது. வாசலில் டிக்கெட் கிழிக்கிற நான், சாவிக்கொத்தோடு அவர் பின்னாலேயே ஓடினேன்.

கடைசியாக எதிரணியின் உடைமாற்றும் அறை. ஷவரைத் திறந்து கையை நீட்டினார்.

“சுடுதண்ணியே வரலையே?”

கிளப் செயலாளர் திருதிருவென்று விழித்தார். “ஹீட்டர் ரிப்பேர், மேடம். அடுத்த சீசனுக்குள்ள மாத்திடுறோம்.”

“அப்ப முதல் டிவிஷனையும் அடுத்த சீசன் பாத்துக்கலாம். ரெண்டு அணிக்கும் ஒரே வசதி இருக்கணும். இல்லன்னா மூணாம் தரம்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஹீட்டர் புத்தம் புதுசு! அண்ணன்தான் மைதானத்துக் குழாய்க்காரன். ஆட்ட நாள் காலையில் எதிரணி அறைக்குப் போகும் சுடுதண்ணீர் வால்வை மூடிவிடுவான். தோற்றுவிட்டு, பச்சைத் தண்ணீரில் நடுங்கட்டும் என்று. நாங்களும் கைதட்டிச் சிரிப்போம். பெரிய நாள் என்றாலே அவன் கை தானாக அந்த வால்வுக்குப் போய்விடும். அன்றைக்கும் போயிருக்கிறது, பாவி!

அவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். ‘சொல்லித் தொலைடா’ என்று கண்ணால் அதட்டினேன். கூரையைப் பார்த்தான்.

நானே பின்பக்கம் ஓடி வால்வைத் திருகினேன். திரும்பி வந்தபோது அறை முழுக்க ஆவி. ஆய்வாளரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“யாரு மூடினது?”

“அது... தானா மூடிக்கிட்டிருக்கும்” என்றார் செயலாளர்.

வால்வு தானாக மூடிக்கொள்ளுமா? கேட்கிறவள் கேனைச்சியா?

“எங்க அண்ணன்! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவன் மூடுவான், இவரும் சேர்ந்து சிரிப்பாரு!” என்று கத்திவிட்டேன்.

இரண்டாம் தரம் கிடைத்துவிட்டது, அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிரித்த செயலாளருக்கு ஒன்றுமில்லை. அண்ணன் மட்டும் சீசன் முழுக்க மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. முதல் டிவிஷனின் முதல் ஆட்டத்தை அவன் மதில் சுவருக்கு வெளியே நின்று காதால்தான் பார்க்க வேண்டும்.

“பேரச் சொல்லாம சமாளிச்சிருக்கலாம்லடி” என்கிறாள் அம்மா.

எப்படிச் சமாளிப்பது? எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் மேல், அந்தச் செயலாளர் மேல், கைதட்டின எங்கள் எல்லார் மேலும்தான். நீங்களே சொல்லுங்கள், அந்த ஆவிக்குள் நீங்கள் நின்றிருந்தால் அவன் பெயரைச் சொல்லியிருப்பீர்களா, மாட்டீர்களா?