கழுவாத கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பின்னேரப் பூசையில், யேசு தம் சீடருக்குச் செய்ததுபோல, பாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் காலைக் கழுவிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது என் சட்டம். முதல் நாளே ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொல்லிவிடுவேன். நகத்தை வெட்டு, குதிக்காலைத் தேய், வாவிச் சேற்றோடு வந்து நிற்காதே. போன வருசம் சில்வெஸ்டர் தோணிக்குப் பூசிய தாரோடு வந்து இருந்துவிட்டார். மானம் போனது எனக்குத்தான்.

ஊரில் எனக்குச் ‘சின்னப் பாதர்’ என்று பட்டப்பெயர். சிரிக்கட்டும். பீடத்துணி தோய்ப்பது, பூச்சாடி மினுக்குவது, கோயில் கூட்டுவது எல்லாம் இந்த றீற்றாதான். ஒருவரிடமும் கூலி வாங்கியதில்லை. கூலியை ஆண்டவரிடம் கேட்டிருந்தேன். என் மகள் டினோஷா வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவள் ஒன்றும் கடல் தாண்டிப் போய்விடவில்லை. கரடியனாற்றில்தான் இருக்கிறாள். நிலோஜன் என்ற சைவப் பொடியனை விரும்பி, அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போனவள். யேசு பிறந்த நத்தார் நாள் தவறாமல் போன் எடுப்பாள்.

"அம்மா, ஒருக்கா வந்திட்டுப் போங்களன்."

"நான் ஏன் வாறது? போனவள்தான் வரோணும்."

சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகு அந்த வீட்டுக்குள் இருப்பது லேசான காரியமில்லை. அவளுடைய அப்பா செத்த பிறகு ஒரு கை அரிசி போட்டாலும் சோறு மிஞ்சும். றேடியோவைப் போட்டுவிட்டு அதோடு சண்டை பிடிப்பேன். என்னத்தைச் சொன்னாலும் அது தன் பாட்டில் பேசிக்கொண்டிருக்கும்.

அதனால் கோயில் வேலையைக் கூட்டினேன். நோன்பையும் கூட்டினேன். இந்தத் தவக்காலம் முழுக்க மீன் தொடவில்லை. வாவிக்கரையில் இருந்துகொண்டு மீன் தொடாமல் இருப்பது என்ன சின்ன விசயமா? "பார்த்துக்கொண்டுதானே இரிக்கிறீர்?" என்று சிலுவையைப் பார்த்துக் கேட்பேன். அடுத்த வீட்டு மேர்லின் நத்தாருக்கும் உயிர்ப்புத் திருநாளுக்கும் மட்டும் கோயிலை எட்டிப் பார்ப்பவள். அவள் வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

இந்த வருசம் பெரிய வியாழன் அன்று பூசை தொடங்கும் நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கிணற்றுக்கு ஓடினேன். கிணற்றடி முழுக்கச் சேறு. வாளியோடு பக்கவாசலால் வந்து, பாதருக்குக் குடத்தை நிறைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், கால் கழுவ வந்தவர்கள் இருந்த வாங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. வரவேண்டிய ஒருவருக்குக் காய்ச்சலாம்.

பாதர் சதீசன் இளந்தாரி, எங்கள் ஊருக்குப் புதிது. என்னைப் பார்த்து, "றீற்றாக்கா, நீங்க வந்து இரிங்க" என்றார்.

"எனக்கு வேலை இரிக்கு பாதர்."

"வேலை கிடக்கட்டும். இரிங்க."

"கால் கழுவல்ல பாதர்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அது மைக்கில் விழுந்து கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது. சனம் சிரித்தது.

பாதர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தானே அக்கா இந்தத் தண்ணி" என்றார்.

போய் இருந்தேன். அவர் முழங்காலில் நின்று என் காலை எடுத்தார். வெடித்த குதிக்கால், நகத்துக்குள் சேறு. இழுத்தேன், அவர் விடவில்லை. தண்ணீர் கறுத்துப்போய்த் தட்டத்தில் விழுந்தது. என்னை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலம்! தேய்க்காத, நகம் வெட்டாத அந்தக் காலைத் துடைத்து முத்தமிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சனத்துக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நான் இவ்வளவு காலமும் செய்தது கூலிக்கு. இது சும்மா கிடைத்தது. டினோஷாவும் ஒவ்வொரு நத்தாருக்கும் என்னைச் சும்மாதான் கூப்பிட்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலில் தலைக்கு மேல் வேலை. கோயில் சாவியைக் கொண்டுபோய் மேர்லினிடம் கொடுத்தேன்.

"எனக்கு என்னக்கா தெரியும்?" என்றாள்.

"தெரிஞ்சதைச் செய்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கரடியனாற்றுச் சந்தியில் இறங்கியபோது கடையில் ஏதாவது வாங்கலாமா என்று நின்றேன். வாங்கவில்லை. வழி விசாரித்து வெறுங்கையோடு போனேன்.

வீட்டில் நிலோஜனின் தாய் சீதேவிப்பிள்ளை தனியாக இருந்தார். அதுவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"நான் டினோஷாட அம்மா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "தெரியுது. அந்தப் புள்ளைக்கும் இதே மூக்குத்தான்" என்றார். "ரெண்டு பேரும் வட்டைக்குப் போயிற்றாங்க. வயல் வேலை முடிய வருவாங்க. இரிங்க."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திருப்பி ஏசியிருப்பேன். அவர் ஒரு பீங்கானில் சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பெரிய வெள்ளியில் ஆராதனை முடியும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விட்டது கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸில வந்த களைப்பு, தின்னுங்க" என்று எனக்கு எதிரே இருந்து விசிறத் தொடங்கினார். என் மகளுக்கு இத்தனை நாளும் சோறு போட்ட கை அது. நான் சோற்றைப் பிசைந்தேன்.

பாதிச் சோற்றில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிலோஜனுக்குப் பின்னால் இருந்து டினோஷா இறங்கினாள். கறுத்து மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பீங்கானைப் பார்த்தாள்.

"அம்மா, இண்டைக்குப் பெரிய வெள்ளி."

"ஓம்" என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள். என் பீங்கானில் கிடந்த மீன் துண்டை எடுத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து நீக்கி, சதையை என் சோற்றின் மேல் வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள்.

தின்றேன்.